‘எப்படி நனைஞ்ச’ என்று கேட்ட மகனுக்கு

சரவணா,

செவ்வாய்க்கிழமை நீ கோவில்பதாகைக்கு வந்து, ஆப்பிள் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, என்னிடம் ஒன்று கேட்டுவிட்டுப் போனாயே, அதற்குப் பதில் இது. நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் பாதியில் உன் போன் அடிக்கும், ‘ஒரு நிமிஷம்பா’ என்று எழுந்து வாசலுக்குப் போவாய், திரும்பி வரும்போது நான் சொன்னது உனக்கு மறந்திருக்கும், நீ கேட்டது மட்டும் நினைவிருக்கும். காகிதம் என்றால் போன் அடித்தாலும் வைத்த இடத்தில் கிடக்கும். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜெயந்தி எழுதுகிறாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள், இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள். நான் பேசுவதை அவள் புத்தகத் தமிழாக மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். அதனால் அவை இதில் இல்லை. எந்தெந்த இடத்தில் இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும், நீயே சேர்த்துப் படித்துக்கொள். இதை அவள் வீட்டுக்காரர் படித்தாலும் சரி, தெருவே படித்தாலும் சரி, எனக்கு ஒன்றுமில்லை. மறைக்க வேண்டியது உன்னிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை.

நீ கேட்டது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் சம்பந்தி வீட்டில் பேச்சு. ரேவதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வர மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் பெற்றவர்களிடமும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். சம்பந்தி உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ சொல்லியிருக்கிறாய்: கடற்கரையில் அலை அடித்து அவள் விழுந்துவிட்டாள், நான் ஓடி வரவில்லை என்று கோபம், நான் பார்க்கவே இல்லை மாமா, பார்த்திருந்தால் வராமல் இருப்பேனா, நம்பவில்லை என்றால் எங்கப்பாவைக் கேளுங்கள், அவர் அங்கேதான் இருந்தார். இப்படி அங்கே என் பேரை அடமானம் வைத்துவிட்டு இங்கே வந்து என் முன்னால் உட்கார்ந்தாய்.

“நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்பா. அவன் அந்தாண்ட பாத்துகினு இருந்தான், கவனிக்கலன்னு.”

“நீ எந்தாண்ட பாத்துகினு இருந்தன்னு எனக்குத் தெரியாதாடா?”

“தெரியும். அதனாலதான உங்கிட்ட வந்தேன்.”

இந்தப் பதிலைச் சொல்லும்போது உன் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. ஆபீசில் ஒரு வேலையை யாரிடம் கொடுத்தால் முடியும் என்று கணக்குப் போடுகிறவன் முகம் இருந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். சம்மதம் இல்லை. தாகம்தான்.

இந்தத் தூண்டில் உன்னை எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் வகையறாவில் யாரும் மீன் பிடித்தவர்கள் இல்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மீன்பாடி வண்டி மிதித்தவன். அந்த வண்டியில் இரும்புத் தகடு ஏறியிருக்கிறது, மோட்டார் ஏறியிருக்கிறது, ஒருமுறை கல்யாணப் பந்தல் முழுசாக ஏறியிருக்கிறது, மீன் ஏறியதில்லை. கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனால் நீ போனில் வெள்ளைக்காரன் ஒருவன் கடற்கரையில் நின்று கம்பை வீசுவதைப் பார்த்தாய். அதோடு போயிற்று. பிள்ளைக்கு இட்லி ஊட்டும்போதும் அவன், கக்கூசுக்குப் போகும்போதும் அவன். பிறகு ஒரு நாள் உங்கள் பருத்திப்பட்டு பிளாட்டுக்கு நான் வந்தபோது, கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் காலி மனையில் நீ ஒரு நீளக் கம்பை வைத்துக்கொண்டு நிற்கிறாய். கம்பின் நுனியில் ஈயக் குண்டு. பின்னால் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி, வானத்தைப் பார்த்து வீசுகிறாய். குண்டு போய்ப் புல்லில் விழுகிறது. நீ சக்கரத்தைச் சுற்றி இழுக்கிறாய். மறுபடியும் வீசுகிறாய்.

“தண்ணி இல்லாத எடத்துல இன்னாடா மீன் புடிக்கிற?”

“பிராக்டிஸ்பா. அலைக்கு அந்தாண்ட போய் உழணும், அதான் டெக்னிக்.”

பக்கத்தில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். “பெருசு, உங்க புள்ள சும்மா இல்ல. நேத்து பி பிளாக் மாடியில காயப்போட்ட பொடவைய புடிச்சிட்டாரு. நல்ல சைஸு,” என்றார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் அவர்களுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. படிக்க வைத்தபோது வந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை, காலேஜ்தான் பொறுப்பு.

இரண்டு தூண்டில் ஆறாயிற்று. பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. பிரிட்ஜைத் திறந்தால் பிள்ளையின் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் தூண்டிலுக்கு மாட்டுகிற இறாலும் கணவாயும் பாலிதீன் பையில். ரேவதி பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துவிட்டு வந்து அந்தப் பையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தயிரை எடுத்துக்கொண்டு போவாள். “ஏம்மா, இந்த நாத்தத்த எப்டி தாங்குற?” என்று ஒரு நாள் கேட்டேன். “வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல மாமா, இது இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள். கட்டினவனைப் பற்றி ஒருத்தி இவ்வளவு சொன்னால் அது பெரிய சர்ட்டிபிகேட். நீ அதைக் கிழித்துப் போட்டாய்.

லீவு என்று சொல்லித்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாய். கல்பாக்கம் தாண்டி, கடலைப் பார்த்த மாதிரி ரூம். பிள்ளை யாழினிக்கு மணலில் விளையாட, ரேவதிக்கு ஓய்வு, எனக்குக் காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாய். காரின் மேல் அந்தக் கம்புகளைக் கட்டிக்கொண்டு போனதைப் பூந்தமல்லி பைபாசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்து ஒரு கிழவி கும்பிட்டாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, உன் ஆபீஸ் தூண்டில் சங்கம் முழுவதும் அங்கே முன்னாலேயே வந்து இறங்கியிருக்கிறது என்று. ரேவதிக்கும் அப்போதுதான் தெரிந்தது. பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள். நீ அதற்குள் அவர்களோடு கை குலுக்கப் போய்விட்டாய்.

உங்கள் சங்கத்துக்குத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டீர்கள். கப்பல் இல்லை, படகு இல்லை, மணலில் நிற்கிற கேப்டன். கழுத்தை மூடத் துணி தொங்குகிற தொப்பி, மார்பு வரைக்கும் ரப்பர் கால்சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி. உனக்கும் அதே வேஷம். தீயணைப்பு வண்டியிலிருந்து தவறி விழுந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றீர்கள். மணலில் பிளாஸ்டிக் குழாயை அடித்து அதில் கம்பைச் செருகிவிட்டு, கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டு நிற்பது. இதற்கு ஆறு பேர். முதல் நாள் வெயில் சாயும் வரைக்கும் நின்று உங்களுக்குக் கிடைத்தது ஒரு கெளுத்தி. அதன் முள் குத்தினால் விஷம் என்று ஆறு பேரும் தள்ளி நின்றீர்கள். பிறகு கேப்டன் கையுறையோடு அதைத் தூக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, அதன் தலையில் முத்தம் கொடுத்துக் கடலில் விட்டார்.

“ஏங்க, புடிச்சத ஏன் உட்டுட்டீங்க?” என்று கேட்டேன்.

“இது ஸ்போர்ட்டுங்க பெரியவரே. நாம மீனைத் துன்புறுத்தறதில்லீங்க. பத்திரமா திருப்பி அனுப்பிருவோம்.”

“வாயில கம்பி மாட்டி இழுத்துகினு வந்தீங்களே.”

“அதுக்கு வலிக்காதுங்க.”

“அது சொல்லிச்சா?”

நீ என் பக்கம் வந்து குனிந்து, “அப்பா, சும்மா இருப்பா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாய். சும்மா இருந்தேன். பசிக்குப் பிடிக்கிறவன் கொன்றுவிட்டுப் போகிறான். உங்களுக்குப் பசியும் இல்லை, அதைச் சும்மா விடவும் மனம் இல்லை. வாயைக் கிழித்து அனுப்பிவிட்டு அதற்கு இரக்கம் என்று பேர் வைத்துக்கொள்கிறீர்கள். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக மட்டும்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் புல்தரையில் நாற்காலி போட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ உன் அம்மா கதையைச் சொன்னாய். பூந்தமல்லியில் சின்னம்மா பெண் கல்யாணத்தில் அம்மா சாம்பாரைக் கொட்டின கதை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வழுக்கி விழுந்தாள், பந்திக்குச் சாம்பார் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் ரசத்தோடு எழுந்து போனார்கள் என்று நடித்துக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாதே ஒழிய மறதி கிடையாது. உன் அம்மா வழுக்கவில்லை. உனக்கு அப்போது நடை பழகி ஆறு மாதம் இருக்கும். அடுப்புக் குழிப் பக்கம் நீ ஓடினாய். அவள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்திருந்தாள், இன்னொரு காதை அவள் அண்ணன். அவள் அப்படியே கையை விட்டாள். ‘பிடிச்சிக்கோ’ என்று அண்ணனிடம் சொல்லக்கூட இல்லை. அண்டா கவிழ்ந்தது, அவன் காலில் கொட்டியது, இவள் உன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கினாள். அண்ணன் பல காலம் அவளோடு பேசவில்லை. அவளை யார் திட்டினாலும், “நான் இன்னா யோசிச்சா உட்டேன்? கை உட்டுடுச்சி,” என்று சொல்லிவிட்டுப் போவாள். இந்தக் கதையை உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம். உன் கதையில் அவள் வழுக்கி விழுகிறாள். உனக்காக விட்டாள் என்று சொன்னால் சிரிப்பு வராது என்பதால் அதை எடுத்துவிட்டாய். உன் புத்தி அப்படி. ரேவதி என்னைப் பார்த்தாள். அவளுக்கு உண்மைக் கதை தெரியும், உன் அம்மாவே உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் உன்னிடம் கேட்டதும் என் காதில் விழுந்தது.

“ஒரு பத்து நிமிஷம் வாங்களேன். பாப்பா உங்க கையப் புடிச்சிட்டு அலையில நிக்கணுமாம்.”

“சாயங்காலம் தண்ணி ஏறும், அப்பதான் நல்ல டைம்.”

“அலையில நிக்கறதுக்கா?”

“மீனுக்கு.”

அவள் சிரித்தாள். அவள் சிரிக்கிற வரைக்கும் உனக்குக் கவலை இல்லை, சிரிப்பில் எத்தனை வகை என்று நீ பார்ப்பதில்லை.

சாயங்காலம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலது பக்கம் நீ, இடுப்பு வரைக்கும் தண்ணீரில். இடது பக்கம் கரையில் ரேவதியும் பிள்ளையும். உனக்கும் அவளுக்கும் நம் வாசலிலிருந்து ஜெயந்தி வாசல் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர் ஒருவர் வலையை மடித்துக்கொண்டிருந்தவர், உன்னிடம் வந்து, “சார், பொம்பளப் புள்ளைங்கள அந்தாண்ட நிக்க உடாதீங்க, அங்க கரை பொசுக்குனு எறங்கிப் பூடும்,” என்றார். நீ தலையை ஆட்டினாய். கம்பைப் பார்த்தபடியே ஆட்டினாய். அவரும் கடமைக்குச் சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

யாழினியின் சிவப்புச் செருப்பை அலை எடுத்துக்கொண்டு போனது. ரேவதி பிள்ளையை மேட்டில் நிறுத்திவிட்டு அதை எடுக்கப் போனாள். நாலு எட்டு வைத்திருப்பாள். அடுத்த அலை அவளை முழுசாகக் கவிழ்த்தது. எழுந்தாள் என்று பார்த்தால் எழவில்லை, தண்ணீர் திரும்பும்போது அவளையும் சேர்த்து இழுக்கிறது. துப்பட்டா முகத்தில் சுற்றிக்கொண்டது. அதை ஒரு கையால் பிய்த்து எடுத்துவிட்டு, “என்னங்க,” என்று கத்தினாள். அந்த ஒரு சொல்தான். நீ திரும்பினாய்.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், நீ எனக்கே கதை சொல்லாதே. உன் முகம் பாதி இல்லை, முழுசாகத் திரும்பியது. தொப்பித் துணி காற்றில் தூக்கியது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தாய், கண் தெரிந்தது. வாய் திறந்தது. இடது கை கம்பை விட்டு எடுபட்டது. அந்தக் கை எடுபட்டதை நான் பார்த்தேன், பார்த்து மனசுக்குள் ‘போ’ என்றேன். அந்த நேரம் பார்த்து உன் தூண்டில் சக்கரம் கிர்ரென்று கத்தியது. கம்பு வளைந்தது. எடுபட்ட கை திரும்பிப் போய்க் கம்பைப் பிடித்தது. உன் முகமும் கையோடு திரும்பிப் போனது. “கேப்டன், அடிச்சிருச்சு, பெரிய மீனு, கொக்கி எடுத்துகினு வாங்க,” என்று கத்தினாய். உன் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. பிள்ளை பிறந்த அன்று கூட.

நான் ஓடினேன். ஓடினேன் என்றால் எழுந்தேன், லுங்கி தடுக்கி மணலில் விழுந்தேன், அவ்வளவுதான். வலை மடித்தவர் என்னைத் தாண்டிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தார். ஒரு தரம் வழுக்கியது, மறுபடியும் பிடித்தார். மேட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டார். வலது முழங்கை முழுவதும் கிளிஞ்சல் கிழித்திருந்தது. தண்ணீரைக் கக்கினாள். யாழினி என் தோளைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். அந்தப் பக்கம் கைதட்டல். ஐந்து பேரும் உன்னைச் சுற்றி நின்று மீனைப் பார்த்துக் கொடுவா, கொடுவா என்று கூத்தாடுகிறார்கள். அந்த மனிதர் எழுந்து உங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், “உங்க பொண்ணுங்களா?” என்று கேட்டார். “ஆமா,” என்றேன். மருமகள் என்று சொன்னால் மகன் எங்கே என்று கேட்பார்.

இதுவரைக்கும் நடந்ததை நான் உனக்கு விட்டுக் கொடுத்துவிடுவேன். கேட்டுக்கொள். கை திரும்பிப் போயிற்று, அது கையின் கோளாறு. கண் பார்த்ததை மூளை வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வேன், மீன் வெறி என்று வைத்துக்கொள்வேன், யாரோ பிடித்துவிடுவார்கள் என்று ஒரு நொடியில் உனக்குத் தோன்றியது என்று கூட வைத்துக்கொள்வேன். மீனைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால் கூட, இன்றைக்கு நீயும் நானும் இந்தப் பேச்சில் இல்லை. அவள் இரண்டு நாள் திட்டியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் நீ வந்தாய். மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, சங்கம் பின்னால் வர, கரைக்கு வந்தாய். அவள் எழுந்து நின்றிருந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் மணலும் தண்ணீரும். நீ அவளைப் பார்த்தாய். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாய்.

“இன்னா ரேவதி, இப்படி வந்து நிக்கற? எப்படி நனைஞ்ச?”

அவள் உன் முகத்தைப் பார்த்தாள்.

“அலை,” என்றாள்.

“பாத்து நிக்கக் கூடாதா? சரி, இந்தா, ஒரு போட்டோ எடு.”

எடுத்தாள். முதல் போட்டோ சரியாக வரவில்லை என்று நீ இன்னொன்று எடுக்கச் சொன்னாய், அதையும் எடுத்தாள். அந்தப் போட்டோதான் இப்போது உன் போனைத் திறந்ததும் வருகிறது. உன் பிளாட்டில் இருக்கிறவர்களெல்லாம் பார்த்துப் பாராட்டினார்களாம். நீ மீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற அந்தப் படத்தை யார் கையால் எடுத்தது என்று அவர்களுக்கும் சொல்.

நான் அந்தக் கேள்வியைத்தான் சொல்கிறேன். கை திரும்பியது யோசிக்காமல் நடந்தது. கேள்வி யோசித்துக் கேட்டது. தண்ணீரிலிருந்து கரைக்கு நடந்து வருகிற நேரத்தில் நீ யோசித்திருக்கிறாய்: இவள் கேட்பாள், அதற்கு முன்னால் நாம் கேட்டுவிட வேண்டும். நான் எத்தனையோ முதலாளிகளுக்கு வண்டி மிதித்திருக்கிறேன். சரக்கை அவனே உடைத்துவிட்டு, நான் வந்ததும், ‘இது எப்படிய்யா உடைஞ்சுது’ என்று என்னையே கேட்கிற ஆட்கள் அந்த எஸ்டேட்டில் இருந்தார்கள். அவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை. பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள், எனக்கு அவர்கள் மேல் கோபம் கூட வந்ததில்லை, கால் செருப்பில் ஒட்டின சாணியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். அந்த முகத்தை என் வீட்டில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

அந்தக் கொடுவாவை நீங்கள் கடலில் விடவில்லை. உங்கள் இரக்கமெல்லாம் தின்ன முடியாத மீனுக்குத்தான். பொரித்துக் கொண்டுவரச் சொன்னீர்கள். ரேவதிதான் எல்லோருக்கும் வைத்தாள். வலது கையை மடக்க முடியவில்லை, இடது கையால் வைத்தாள். நீ கேப்டன் முன்னால், “இன்னா எடது கையில போடற, பெரியவங்கல்லாம் இருக்காங்க,” என்றாய். “கை வலிக்குது,” என்றாள். “ஓ,” என்றாய். ஓ. நானும் அந்த மீனைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. நீ என் மகன் என்பதால் அத்தனை பேர் முன்னால் உன்னைக் காட்டிக் கொடுக்க நாக்கு எழவில்லை. ஒருமுறைதான். அதை வைத்துக்கொண்டு நான் எப்போதும் அப்படியே இருப்பேன் என்று நீ கணக்குப் போட்டுவிட்டாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் உடனே போகவில்லை. சமைத்தாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். நான் இரண்டு முறை அங்கே வந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நீ பேச வாயைத் திறக்கும்போது அவள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். நீ ‘சார்ஜர் எங்க’ என்பாய். அவள் எடுத்துக் கொடுப்பாள். பிறகு ஒரு சனிக்கிழமை பிள்ளையின் யூனிபார்மையும் மடித்து வைத்துக்கொண்டு போனாள். போகும்போது வழியில் கோவில்பதாகையில் இறங்கி என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

“எதுக்கும்மா போற?” என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

“தெரியாத மாதிரி கேக்காதீங்க மாமா. உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் கேப்பீங்களா?”

நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன்.

தூண்டிலை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். தூண்டில் மேல் எனக்கு என்ன பகை? போய் நில், வீசு, கெளுத்திக்கு முத்தம் கொடு. உன் சங்கம், உன் ரப்பர் கால்சட்டை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். தப்பு செய்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவனைப் பார்த்து ஒரு பரிதாபமாவது வரும். தப்பு செய்துவிட்டு அடிபட்டவளைக் கேள்வி கேட்கிறவனைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரவில்லை. இத்தனை வயசுக்கு மேல் வேறு ஏதாவது வரவழைத்துக்கொள்ளலாமா என்று இந்த நாலு நாளாகப் பார்த்தேன், வரவில்லை. நீ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்ததால் அந்த அருவருப்பு கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று. ஜெயந்தி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். உன் காரில் வேண்டாம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, எனக்கு வழி தெரியும். உன் பக்கத்திலும் உட்கார மாட்டேன். அந்தக் கூடத்தில் சம்பந்தி, அவர் வீட்டம்மா, ரேவதி, நீ, நான் இருப்போம். நீ பார்த்தாயா இல்லையா என்பது தெரியாதவர்கள் அதில் இரண்டு பேர்தான். நீ திரும்பியபோது அவள் கண் துப்பட்டாவுக்குள் இல்லை, திறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அதை நீயும் பார்த்தாய். அவள் நினைத்திருந்தால் போன அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உட்கார்ந்து யோசி. அதை நான் உனக்கு விளக்கிச் சொன்னால், அதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பாய். அதனால் சொல்ல மாட்டேன்.

சம்பந்தி என்னைக் கேட்டால், “பார்த்தான்,” என்று சொல்வேன். இழுக்க மாட்டேன், பூச மாட்டேன். அவர் மரியாதை தெரிந்தவர். வந்ததும் விஷயத்துக்கு வர மாட்டார். எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்வார், வெயிலைப் பற்றிப் பேசுவார், டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார். நீயே வாயைத் திறந்து சொல்வதற்கு உனக்கு இருப்பது அந்தக் காபி குடிக்கிற நேரம்.